விசையின் எடை

அந்தத் துப்பாக்கிக் கடையில் மதிப்புப் போடுகிறவருக்குத் தராசு என்று பெயர் வைத்தது யார் என்பது யாருக்கும் நினைவில்லை. பழைய வேட்டைத் துப்பாக்கியை விற்க வருகிறவர்கள் முதலில் முதலாளியம்மாவிடம் உரிமத்தைக் காட்டுவார்கள். பிறகு ஜன்னலோரம் பச்சைக் கம்பளி விரித்த மேசையில் உட்கார்ந்திருக்கும் அவரிடம் வருவார்கள். வரும்போதே கதையோடுதான் வருவார்கள். பெரிய வேட்டைக்காரர் கையில் இருந்தது, வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெளியே எடுத்தோம், இதற்கு ஜோடி எங்கேயும் கிடையாது. தராசு எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "கதைக்கு நான் விலை போடறதில்லீங்க. இரும்புக்கும் மரத்துக்கும்தான்" என்பார். சிரித்துக்கொண்டே சொல்வதால் யாரும் முகம் சுளித்ததில்லை.

அவர் பார்ப்பதில் ஒரு ஒழுங்கு இருந்தது. எடுத்தவுடன் தோட்டா அறையை மூடுகிற போல்ட்டைப் பின்னால் இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் ஒரு தடவை, சுண்டுவிரலால் ஒரு தடவை உறுதி செய்வார். பிறகு போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே ஓடும் புரிகளைப் பார்ப்பார். ஓரம் மழுங்கியிருக்கிறதா, துரு அரித்த குழி இருக்கிறதா, கண்டபடி கம்பி விட்டுத் துடைத்துக் குழல்வாய் தேய்ந்திருக்கிறதா என்று. போல்ட்டில் அடித்த எண்ணும் உடலில் அடித்த எண்ணும் ஒன்றா என்று பார்ப்பார். கைப்பிடி மெலிகிற இடத்தில் மரத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அவர் கட்டைவிரலுக்குத் தெரிந்துவிடும். புதிதாக மெருகேற்றிப் பளபளவென்று வருவதைக் கண்டால்தான் அவருக்கு ஆகாது. "பவுடர் அப்பிட்டு வந்திருக்கு" என்று முனகுவார். மெருகேற்றினால் அடித்த எழுத்துகளின் ஓரம் கரைந்துபோகும், திருகாணிக் குழிகளின் விளிம்பு சரிந்துபோகும். தேய்ந்து நிறம் வெளுத்திருந்தாலும் யாரும் கை வைக்காத துப்பாக்கிக்கு அவர் கூடுதலாகவே போடுவார்.

அன்று காலை பதினொரு மணிவாக்கில் ஓர் அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தபால் நிலையத்தில் வேலை, அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். கூடவே அவருடைய கொழுந்தன். தச்சு வேலை செய்கிறவர், வாசற்படியை அடைக்கிற தோள். ஆனால் கனமான துணிப்பொதியை அந்த அம்மாள்தான் இரண்டு கையாலும் சுமந்து வந்தார். தச்சர் வெறுங்கையோடு வந்து, கதவோரம் இருந்த முக்காலியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். இவ்வளவு பெரிய ஆள் இதைக்கூடத் தூக்க மாட்டாரா என்று தராசுக்கு ஒரு கணம் எரிச்சல் வந்தது.

பொதியோடு ஒரு காகிதமும் இருந்தது. ஒன்பது வருஷம் போலீஸ் கிடங்கில் இருந்து போன மாதம் திருப்பித் தரப்பட்ட துப்பாக்கி.

"இது வெடிச்சுதான் என் வீட்டுக்காரர் போனாரு," என்றார் அம்மாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "மறைச்சு விக்கறதுல எனக்கு இஷ்டம் இல்ல. அதனால விலை கம்மியானாலும் பரவாயில்ல."

தராசு அவரை உட்காரச் சொன்னார். மீதியை அந்த அம்மாளே துண்டு துண்டாகச் சொன்னார், தச்சருக்குக் கேட்காத குரலில். தோட்டங்களைக் காட்டுப் பன்றி நாசம் பண்ணிய வருஷம் அது. அம்மாளின் கணவரும் தச்சரும், அண்ணனும் தம்பியுமாக, வேட்டைக்குப் போனார்கள். பகல் முழுக்க அலைந்து ஒன்றும் சிக்காமல் திரும்பினார்கள். வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் அண்ணனின் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை வெளியே எடுக்கப் பார்த்தார் தம்பி. இந்த மாதிரித் துப்பாக்கியில் விசையைப் பூட்டுகிற சேஃப்டியைப் போட்டிருந்தால் போல்ட் திறக்காது. சேஃப்டியை எடுத்த பிறகுதான் தோட்டாவை எடுக்க முடியும். எடுத்தார். வெடித்தது. வண்டிக் கதவைத் திறந்துகொண்டிருந்த அண்ணன் அங்கேயே விழுந்தார்.

விசையில் விரலே வைக்கவில்லை என்று தம்பி முதல் நாள் சொன்னார், மறுநாளும் சொன்னார். போலீஸில் ஒருவர் துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்து, கோளாறு ஒன்றுமில்லை என்று எழுதினார். விரல் படாமல் எப்படி வெடிக்கும் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். பெற்ற தாயே கேட்டாள். கவனக்குறைவு என்று கோப்பை மூடினார்கள். ஒரு வருஷம் ஆனதும் தம்பி அதைச் சொல்வதை நிறுத்திக்கொண்டார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. தன் விரல்தான் தன்னை ஏமாற்றியிருக்கும் என்று நம்பத் தொடங்கிவிட்டார்.

"நான் ஒருநாளும் அவரைக் கேட்டதில்ல," என்றார் அம்மாள். "திட்டினதும் இல்ல. ஆனா நம்பறேன்னும் சொன்னதில்ல. எனக்கே தெரியாதே."

தராசு வேலையைத் தொடங்கினார். கை பழகிய வேலை. குழல் நன்றாக இருந்தது. எண்கள் ஒத்துப்போயின. கிடங்கின் ஈரத்தில் அடித்தகட்டில் மட்டும் கொஞ்சம் துரு. வாதுமை மரக் கட்டை, எண்ணெய் ஊறிக் கறுத்து, கை பட்ட இடத்தில் வழவழப்பாகியிருந்தது. வேறொரு நாளாக இருந்தால், நல்ல சாமான் என்று வாய்விட்டே சொல்லியிருப்பார்.

கடைசியாக விசையைச் சோதித்தார். காலித் துப்பாக்கியில் போல்ட்டை ஏற்றி, சேஃப்டி போட்டு, விசையை ஒரு தடவை இழுத்துவிட்டு விரலை எடுத்துவிட வேண்டும். பிறகு சேஃப்டியை முன்னால் தள்ளினால் துப்பாக்கி சும்மா இருக்க வேண்டும். ஆயிரம் தடவை செய்த சோதனை. தள்ளினார்.

டக்.

தவறிப்போய் விரல் பட்டுவிட்டதோ என்று நினைத்தார். மறுபடி செய்தார், சும்மா இருந்தது. இன்னொரு தடவை, சும்மா இருந்தது. நான்காவது தடவை டக் என்று, தோட்டாவை அடிக்கிற ஊசி விழுந்தது. நிமிர்ந்தார். தச்சர் முக்காலியில் திரும்பி உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டையைக் கழற்றிப் பார்க்க வேண்டும், கொஞ்சம் பொறுங்கள் என்றார் தராசு. அடியில் இருந்த இரண்டு திருகாணிகளையும் எடுத்து மரத்தை இரும்பிலிருந்து பிரித்தார். விசைப் பெட்டியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். யாரோ உள்ளே கை வைத்திருந்தார்கள். விசையைப் பிடித்து நிறுத்துகிற விளிம்பைத் தேய்த்து, நகக்கண் அளவுகூட இல்லாமல் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்க வைத்திருந்தார்கள். இத்தனை வருஷத்துக்கப்புறமும் அந்தத் தேய்ப்பு சமமாக, அழகாக இருந்தது. கைகாரன் செய்த வேலை.

பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு புள்ளிகள் அடித்திருந்தன. அக்கம்பக்கமாக, ஊசிமுனை அளவில்.

கண் மங்கத் தொடங்குவதற்கு முன்பு தராசு இதே கடையின் பின்கட்டில் பழுதுபார்க்கிற வேலையில் இருந்தார். விசையை லேசாக்கித் தருவதில் அவருக்குப் பெயர் இருந்தது. தான் தொட்ட ஒவ்வொரு விசையிலும் இரண்டு புள்ளி அடித்து வைப்பார். திரும்பி வந்தால் தன் வேலை என்று தெரிய வேண்டுமே என்று. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த அம்மாளிடம் அவர் கணவரின் படம் இருக்கிறதா என்று கேட்டார். கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அடர்ந்த மீசை, பல் தெரியாத சிரிப்பு. தராசுக்கு அந்த முகம் நினைவுக்கு வரவேயில்லை. அதுதான் அவரை மிகவும் வதைத்தது. பேச்சு மட்டும் நினைவிருந்தது, ஏனென்றால் வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள்: இன்னும் கொஞ்சம் லேசா வைங்க, இன்னும் கொஞ்சம். பூவைத் தொடுகிற மாதிரி வைத்துக் கொடுத்து, அவர்கள் முகம் மலர்வதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு பெருமை. கொடுப்பதற்கு முன்பு இரண்டு தடவை சோதிப்பார். இரண்டே தடவை.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போனார். முதலாளியம்மா பின்னாலேயே வந்து, என்ன முகம் இப்படி வெளுத்திருக்கிறது என்று கேட்டார். தராசு சொன்னார். முதலாளியம்மா கெட்டவர் இல்லை. கணவர் போன பிறகு தனியாளாக நின்று கடையை நடத்துகிறவர்.

"கோளாறு இருக்குன்னு சொல்லுங்க, வேண்டாம்னு சொல்லல," என்றார். "அந்த மனுஷனுக்கு அது போதும். யார் பண்ணினாங்கன்னு எதுக்கு? ஒன்பது வருஷம் கிடங்குல கிடந்த சாமான். எத்தனை பேர் கை பட்டுச்சோ."

அது பொய்கூட இல்லை, பாதி உண்மை. தச்சருக்கு வேண்டியது அந்தப் பாதியில் முழுசாக இருந்தது. தனக்கும் வயதாகிவிட்டது, இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு, வீட்டில் மனைவி மட்டும்தான் என்று தராசு கணக்குப் போட்டார். பாதியைச் சொல்வதாகவே முடிவு பண்ணிக்கொண்டு வெளியே வந்தார்.

வந்து, கட்டையை மறுபடி பொருத்தினார். தச்சரை மேசைக்குக் கூப்பிட்டார். அவர் எழுந்து வந்தார். ஆனால் துப்பாக்கியிலிருந்து இரண்டடி தள்ளியே நின்றார். தராசு சேஃப்டியைப் போட்டு, விசையை இழுத்துவிட்டு, இரண்டு கையையும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினார். பிறகு ஒரு பென்சிலை எடுத்து அதன் முனையால் சேஃப்டியைத் தள்ளினார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி. மூன்றாம் தடவை டக் என்றது.

தச்சர் ஓரடி முன்னால் வந்தார்.

நடந்து வரும்போது ஒரு செடியோ பையின் வாரோ விசையில் பட்டிருந்தாலே போதும் என்று தராசு விளக்கினார். அதற்கப்புறம் எவ்வளவு நேரம் கழித்துச் சேஃப்டியை எடுத்தாலும் வெடிக்கும். சில தடவை அதுகூட வேண்டாம். எப்போதும் வெடிக்காது, அதனால்தான் போலீஸ் சோதனையில் தெரியவில்லை.

தச்சர் பென்சிலுக்குக் கை நீட்டினார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்தத் துப்பாக்கியைத் தொட்டார். அவரே போல்ட்டை ஏற்றினார், அவரே தள்ளினார். ஆறு தடவை, ஏழு தடவை. ஊசி விழுந்ததும் நிறுத்தாமல் மறுபடி ஏற்றினார். அந்த அம்மாள் எழுந்து அவர் முழங்கையைப் பிடித்தார்.

"போதும் தம்பி."

"வெடிச்சுது அண்ணி. நான் தொடல."

"தெரியுது."

"ஆனா குழல்வாய் அண்ணன் பக்கம் இருந்துச்சே," என்றார் தச்சர். "தரையைப் பாத்து வெச்சிருக்கணும். அது நான்தானே."

அந்த அம்மாள் அவர் முழங்கையை விடாமல் நின்றார். தச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு தராசின் பக்கம் திரும்பினார். மர வேலைக்காரருக்கே உரிய கேள்வி ஒன்றைக் கேட்டார்.

"இது செய்யும்போதே இப்படியா? இல்ல, பின்னால யாராவது கை வெச்சாங்களா?"

நேராகக் கேட்டுவிட்டார். தராசு முதலாளியம்மாவின் அறைப் பக்கம் பார்த்தார். அவர் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். தெரியவில்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

"பின்னாலதான். நான்தான் பண்ணினேன்," என்றார். "இதோ இந்த ரெண்டு புள்ளி என்னுது."

தச்சரின் கை மேசை விளிம்பைப் பற்றியது. அந்தப் பிடியில் மேசை லேசாக நகர்ந்தது. தராசு அடிக்கு எதிர்பார்த்துத்தான் நின்றார். அடி விழவில்லை. அந்த அம்மாள்தான் பேசினார்.

"லேசாக்கச் சொல்லி அவரே கேட்டாரா?"

"கேட்டிருப்பாரு. முகம் எனக்கு ஞாபகம் இல்லம்மா. ஆனா அவர் கேட்டாலும், இதுக்கு மேல கூடாதுன்னு சொல்லியிருக்க வேண்டியவன் நான். தெரிஞ்சவன் நான்தானே."

"எழுதிக் கொடுப்பீங்களா?" என்றார் அம்மாள்.

"கொடுக்கறேன்."

"உங்களை மன்னிக்கறதா வேண்டாமான்னு நான் இன்னும் யோசிக்கல. முதல்ல எழுதிக் கொடுங்க."

தராசு அங்கேயே உட்கார்ந்து எழுதினார். என்ன சோதித்தார், எத்தனை தடவை, எத்தனை தடவை ஊசி விழுந்தது, உள்ளே செய்திருக்கும் வேலை என்ன, அதைச் செய்தது யார். ஒன்றையும் விடவில்லை. முதலாளியம்மா வாங்கிப் படித்தார். இரண்டாவது பக்கத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு இழுப்பறையைத் திறந்து கடை முத்திரையை எடுத்துக் குத்திக் கொடுத்தார். இனி போலீஸ் விசாரணை வரும், அது முடிகிறவரை மேசைக்கு வர வேண்டாம் என்று அன்று மாலை தராசிடம் சொன்னார். அதில் நியாயம் இருந்ததால் அவர் மறுக்கவில்லை.

அந்த அம்மாள் அந்தக் காகிதத்தைப் போலீஸில் கொடுத்தார்; விசாரணை நான்கு மாதம் இழுத்தது. மூடின கோப்பைத் திறப்பது இரும்புப் பெட்டியைத் திறப்பதைவிடக் கஷ்டம் என்று ஒரு குமாஸ்தா அலுத்துக்கொண்டார். கடைசியில் மூன்று பேர் முன்னிலையில் துப்பாக்கியை இருபது தடவை சோதித்தார்கள். ஆறு தடவை ஊசி விழுந்தது. "கவனக்குறைவு" என்ற சொல்லை அடித்துவிட்டு "இயந்திரக் கோளாறு" என்று திருத்தினார்கள். தராசின் பழுதுபார்க்கும் உரிமத்தை ரத்து செய்தார்கள், அபராதமும் விதித்தார்கள். அந்த அம்மாள் துப்பாக்கியை விற்கவில்லை. அரசாங்கப் பட்டறையிலேயே வெட்டிவிடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார். திருத்திய அறிக்கையின் நகல் ஒன்றைத் தச்சர் தன் மாமியார் வீட்டுச் சொந்தம் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டியதாகவும், ஒரு பெரியம்மா அதைப் படித்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுததாகவும் தராசு பிறகு கேள்விப்பட்டார்.

தராசு மறுபடி மேசைக்கு வந்தார். ஆனால் அவருக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. தான் லேசாக்கிக் கொடுத்த மற்ற விசைகள் எங்கே, யார் வீட்டு அலமாரியில் இருக்கின்றன என்ற நினைப்பு சோற்றில் கை வைக்கும்போதுகூட வந்தது. மனைவியிடம் சொன்னார். "சொல்லிட்டே இருந்தா ஆச்சா? போய்த் தேடுங்க, நான் சாப்பாடு கட்டித் தரேன்" என்றார் மனைவி.

கடையின் பழைய சீட்டுகளைப் புரட்டி, நினைவையும் கிளறி, பதினொரு துப்பாக்கிகள் என்று ஒரு பட்டியல் எடுத்தார். விடுமுறை நாட்களில் பஸ் ஏறினார். ஒன்று மூன்று கை மாறியிருந்தது. ஒன்றை ஏற்கெனவே கரையான் தின்று, இரும்பு மட்டும் மிஞ்சியிருந்தது. ஒரு வீட்டில், பணம் பறிக்க வந்தவன் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள். மூன்றாம் தடவை போனபோதுதான் திறந்தார்கள். ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். இருபது வருஷமாகச் சுடுகிறேன், இதைப் போல ஒரு விசை உலகத்தில் உண்டா, நீங்கள் செய்ததா, உட்காருங்கள் என்று உபசாரம் பண்ணினார். தராசு அவர் முன்னாலேயே சோதித்தார். பதின்மூன்று தடவை துப்பாக்கி சும்மா இருந்தது. பதினான்காவது தடவை டக் என்றது. ஓட்டுநர் சிரிப்பை நிறுத்தினார். குழல்வாய் காட்டிய சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மகள் கைக்குழந்தைக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

அப்படி ஒன்பதைக் கண்டுபிடித்தார். ஒவ்வொன்றிலும் விசைப் பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, முதலாளியம்மா வாங்கிக் கொடுத்த புதுப் பெட்டியைக் கடை ஆளை வைத்து மாட்டிக் கொடுத்தார். இரண்டு மட்டும் சிக்கவில்லை. ஒருவர் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார். இன்னொருவர் பெயரே சீட்டில் சரியாகத் தெரியவில்லை.

ஒரு வருஷம் கழித்து ஒருநாள் தச்சர் கடைக்கு வந்தார். அதற்கு முன்பு விசாரணை அறையில் மூன்று தடவை பார்த்தும் இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. தச்சர் உட்காரவில்லை. எத்தனை பாக்கி என்று கேட்டார். இரண்டு என்றார் தராசு.

"ஒண்ணு கிடைச்சிருக்கு," என்றார் தச்சர். "வீட்டை வித்துட்டுப் போனாரே, அவர். பன்றி அடிக்கப் போற ஆளுங்ககிட்ட விசாரிச்சுட்டே இருந்தேன். ரெண்டு மணி நேரத் தூரம். வண்டி கொண்டாந்திருக்கேன்."

தராசு முதலாளியம்மாவைப் பார்த்தார். அவர் போய்வாருங்கள் என்று கை காட்டினார்.

ஒரு பெரிய பாலத்தைத் தாண்டும்போது தச்சர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "உங்க மேல எனக்குக் கோபம் இல்லேன்னு நினைச்சுக்காதீங்க. இருக்கு."

"இருக்கட்டும்," என்றார் தராசு.

"அண்ணியும் இன்னும் யோசிச்சுட்டுதான் இருக்காங்க."

"இருக்கட்டும்பா."

வீடு ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. வாசலில் சைக்கிள்கள், கொடியில் பள்ளிச் சீருடைகள். ஒன்பது வீட்டு வாசலில் நின்றிருந்தும் முதல் வார்த்தை தராசுக்கு இன்னும் பழகவில்லை. கதவைத் தட்டக் கை எடுத்துவிட்டுத் தயங்கினார். தச்சர் அவரைத் தாண்டி வந்து தட்டினார்.

கதவைத் திறந்தவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்ககிட்ட ஒரு பழைய ரைஃபிள் இருக்குல்ல," என்றார் தச்சர். "அதைப் பத்திப் பேசணும். என் அண்ணனுக்கு நடந்ததைச் சொல்றேன், இவர் மீதியைச் சொல்லுவாரு. உள்ள வரலாமா?"